இடது கையின் காய்ப்பு

வள்ளித்தாய் அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் உண்மையைச் சொன்னாள். அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆனி மாசக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது என்று ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவசர அவசரமாகக் கிளம்பி சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சங்கரபாண்டியனுக்குக் கூட்டுறவு பாங்கில் வேலை. தாயில்லாப் பிள்ளை. அக்கா பிச்சம்மாள்தான் தூக்கி வளர்த்தவள், அவள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். இந்தப் பக்கம் வள்ளித்தாய் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். அப்பா சண்முகையா கரண்டு ஆபீசில் கிளார்க். அம்மா ஆறுமுகத்தாய் இன்றைக்கும் சொந்த வயலில் இறங்கி நாற்று நடுகிறவள். ஜாதகம் பொருந்தியாயிற்று. மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "ரேடியோவுல பாட்டு கேப்பீங்களா?" என்று. கேட்பேன் என்றாள். எனக்கும் பாட்டு என்றால் உயிர் என்றான். வள்ளித்தாய்க்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

பெண் பிடித்துவிட்டால், பூ வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பிச்சம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வள்ளித்தாயின் இடது கையைப் பிடித்தாள். வளையல் ஏறுவதற்காக விரல்களைக் குவித்து அமுக்கினாள். அமுக்கினவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன தாயி, விரல் நுனியெல்லாம் இப்படித் தடிச்சுக் கெடக்கு?" என்று நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "வலிக்கலையா?"

"இல்ல மதினி. கொஞ்சங்கூட வலிக்கலை."

சிரிப்பு வந்தது இங்கேதான். வலிக்கவில்லை என்று சொல்வதற்கு அவள் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருந்தாள். வலிக்காத விரல் அவளுக்கு ஒரு பட்டம் வாங்கியதற்குச் சமம். அது பிச்சம்மாளுக்கு எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்த காலம் அது, உடம்பில் உணர்ச்சியில்லாத இடம் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. அதைப் படித்தவர்களும் படிக்கச் சொல்லிக் கேட்டவர்களும் ஊரெல்லாம் ஒருத்தர் தோலை ஒருத்தர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிச்சம்மாள் தன் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி வள்ளித்தாயின் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினாள்.

"இப்ப?"

அப்போதும் அந்தப் பெண்ணுக்கு உறைக்கவில்லை. "தெரியலை மதினி" என்றாள்.

ஆறுமுகத்தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வந்தவள் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னாளா? "அது ஒண்ணுமில்ல, கஞ்சி வடிக்கையில சூடு பட்டுருச்சு" என்றாள்.

"நாலு விரல் நுனியிலயும் அளவெடுத்த மாதிரியா பட்டுச்சு?" என்றாள் பிச்சம்மாள். "சுட்டதும் தெரியலையாக்கும்?"

சூடு பட்டாலும் தெரியாத விரல் என்றால் என்ன நோவு என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெருவியாதி என்று பின்னால் குசுகுசுத்தது காதில் விழுந்தது. பிச்சம்மாள் வளையல்களைத் திரும்ப மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். நேரே முற்றத்துக் குழாய்க்குப் போனாள். சோப்பு கேட்டாள். வள்ளித்தாயின் அப்பாவே சோப்பு எடுத்துக் கொடுத்தார். அவள் முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று காரில் ஏறினாள்.

அந்தச் சோப்பை வள்ளித்தாயால் மறக்க முடியவில்லை. அந்த நோவு உண்மையிலேயே வந்த ஒருத்தியாக இருந்தால்தான் என்ன, அவள் கண்ணெதிரே இப்படியா கழுவுவது? அவளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?

"எம் மக கிடார் வாசிக்கான்னு சொன்னா ஒன் வாயில இருக்க முத்தா உதிந்துரும்?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடையில ஆம்பளைகளோட நின்னு கம்பியத் தட்டுதான்னு சொல்லச் சொல்லுதியா? எவன் கெட்டுவான்?"

"அதுக்கு நான் கையச் சுட்டுக்கிட்டவளாக்கும்?"

கிடார் அப்போது பரணில் பழைய சேலைக்குள் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் ஆறுமுகத்தாய்தான் சுற்றி ஏற்றி வைத்தாள். அது வீட்டுக்கு வந்த கதை சின்னதுதான். கூட வேலை பார்க்கிற டீச்சர் சுபைதா பேகம் கடையநல்லூர்க்காரி. அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் துபாயிலிருந்து வரும்போது ஆசைப்பட்டு ஒரு கிடார் வாங்கிவந்து, இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, விரல் வலிக்கிறது என்று பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறிவிட்டான். "எங்க காக்கா இனி அதைத் தொட மாட்டாரு. சும்மா தூசி படியுது, நீ கொண்டு போ வள்ளி" என்று சுபைதாவே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அந்த அண்ணன் இரண்டு நாளில் விட்டதை இவள் விடவில்லை. இரும்புக் கம்பி. விலை குறைந்த கிடார் என்பதால் கம்பி பலகையைவிட்டு உயரத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் விரல் நுனியைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினால்தான் சுரம் பேசும், இல்லாவிட்டால் கரகரக்கும். முதல் வாரத்தில் நுனியில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்தது. பிறகு சிவந்து கன்றியது. பிறகு கொப்புளம். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைவது வலது கை என்பதால் பிழைத்தாள். விரலில் மஞ்சள் வைத்தாள், விளக்கெண்ணெய் வைத்தாள். எண்ணெய் வைத்தால் தோல் இளகி மறுநாள் இன்னும் மோசமாகக் கிழியும் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். தண்ணீரில் ஊறின விரலோடு கம்பியைத் தொடக்கூடாது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அதற்காகச் சாயங்காலத் துணி துவைப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டாள். கொப்புளத்தைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும், பிய்க்கமாட்டாள். நாளாக நாளாக நாலு விரலிலும் காய்ப்பு ஏறியது. ஒருநாள் முழுப் பாட்டையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் விரல் வலிக்கவே இல்லை என்று கவனித்தாள். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தில் சுபைதாவிடம் விரலை நீட்டி, "அமுக்கிப் பாரு, நல்லா அமுக்கு" என்று காட்டினாள்.

ஊரில் மெல்லிசைக் குழு நடத்துகிற பரமசிவன், கிடார் வாசிக்கிறவன் மெட்ராஸ் போய்விட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தவர். கேள்விப்பட்டு வந்து வாசிக்கச் சொன்னார். கேட்டார். பொம்பளைப் பிள்ளையாயிற்றே என்று ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மட்டில் மனுஷன். இரண்டு கல்யாண வீட்டில் வாசித்தாகிவிட்டது. சண்முகையா, மகள் மேடையில் நிற்பதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி வீட்டுக்கு வந்துவிடுவார்.

இப்போது அவர் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முழங்கை நரம்பைத் தடவினார், பஞ்சால் வருடினார். "என்ன வாசிக்கீங்க, வீணையா?" என்று அவரே கேட்டார். கிடார் என்றதும் சிரித்துவிட்டார். நோவும் இல்லை, ஒன்றும் இல்லை, காய்ப்புக்கு அடியில் உணர்ச்சியெல்லாம் நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் எழுதியே தருகிறேன் என்றார். சண்முகையா ராயகிரிக்குப் போனார். போய், டாக்டர் நோவில்லை என்றதை மட்டும் சொன்னார். சிரித்ததையும் கிடாரையும் விட்டுவிட்டார். மகளுக்குப் பரிந்து பேசப் போனவரும் பாதி உண்மையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

பிச்சம்மாள் சொல்லி அனுப்பினாள்: "டாக்டரு சீட்டு யாரு வேணும்னாலும் வாங்கலாம். ஆடி கழியட்டும். ஆவணியில வந்து விரலப் பாக்கோம். சூட்டுக் காய்ப்புன்னா அதுக்குள்ள உரிஞ்சு மெத்துன்னு ஆயிரும்லா. அப்படி ஆனா பூ வைக்கோம்."

அதாவது விரல் மெத்தென்று ஆக வேண்டும். அதற்குக் கிடாரைத் தொடக்கூடாது. ஒரு வருஷம் ரத்தம் கட்டிச் சம்பாதித்ததை, இல்லாத நோவு இல்லை என்று நிரூபிக்க உரித்துப் போட வேண்டும். அதுவும் ஆடியில்! ஊரில் தபசுத் திருவிழா, சுற்றுப்பட்டு ஊர்களில் அம்மன் கோயில் கொடை விழாக்கள், பரமசிவனின் குழு உட்கார நேரமில்லாமல் ஓடுகிற மாசம் அது.

"முடியாது" என்றாள் வள்ளித்தாய்.

"இந்தப் பேச்சு இப்படியே முறிஞ்சா தெருவுல என்ன பேரு நிக்கும்னு யோசிச்சியா?" என்றார் அப்பா. "பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா எவன் பிள்ளைய ஒன் வகுப்புல விடுவான்? ஒரு மாசந்தானம்மா."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சரி என்றாள்.

பரமசிவன் தபசு நிகழ்ச்சிக்குக் கூப்பிட வந்தபோது ஆறுமுகத்தாய் வாசலிலேயே மறித்து, "அவளுக்கு மேலுக்குச் சரியில்ல அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டாள். உள்ளே நின்று கேட்ட வள்ளித்தாய்க்குத் தலைக்கேறியது. ராயகிரிக்காரர்களிடம் மகளுக்கு நோவில்லை, உள்ளூர்க்காரரிடம் மகளுக்கு நோவு. இரண்டு பக்கமும் மறைக்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான், பரணில் கிடக்கிற மரப்பெட்டி. அப்படி என்ன கொலைக் குற்றம் பண்ணிவிட்டது அது?

தபசன்று சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பரமசிவனின் குழுவைக் கேட்டாள். கிடார் வர வேண்டிய இடங்களையெல்லாம் அவர் ஆர்கனிலேயே சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் சமாளிக்க முடியாமல் அந்த இடத்தைச் சும்மா விட்டார். கேட்டுக்கொண்டிருந்த ஆயிரம் பேருக்கும் அது தெரிந்திருக்காது. வள்ளித்தாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காய்ப்பு அதற்குள் உரியத் தொடங்கியிருந்தது. ஓரத்தில் வெள்ளையாகத் தூக்கி, வெங்காயச் சருகு மாதிரி கழன்று வந்தது. ஆறுமுகத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீக்கிரம் உரியட்டும் என்று வெதுவெதுப்பான வடிகஞ்சியில் மகளின் விரல்களை ஊறவைத்து, வெண்ணெய் தடவித் தேய்த்தாள். தேய்த்த அம்மாவின் கை சொரசொரவென்று அறுத்தது.

"எம்மா, ஒனக்குப் பூ வைக்க வந்தப்ப ஒன் கைய யாராவது பாத்தாவளா?"

"பாக்காம? ஒங்க அப்பாவப் பெத்தவ உள்ளங்கையத் தடவித் தடவிப் பாத்தா. அருவா பிடிச்சுக் காய்ச்சுக் கெடந்துச்சு. பாடுபடுத கைன்னு சொல்லி, அவளே தலையில பூவ வச்சா." ஆறுமுகத்தாய் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

வள்ளித்தாய் கையை உருவிக்கொண்டாள். "அப்ப அவங்களுக்கு வேலை செஞ்சு காய்ச்சாப் பூ வைப்பாவ. எனக்காக நான் வாசிச்சுக் காய்ச்சா சோப்புப் போட்டுக் கை கழுவுவாவ. அப்படித்தான?"

"எனக்கு என்னட்டி தெரியும்? ஊரு ஒலகத்துல உள்ளதத்தான் நான் சொல்லுதேன்."

"ஒனக்குத் தெரியும்மா. நல்லாவே தெரியும்."

மறுநாள் காலையில் அவளே நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாள். சேலையைப் பிரித்தாள். கம்பியில் லேசாகத் துரு ஏறியிருந்தது. சுருதி சேர்த்து முதல் சுரத்தை அழுத்தினதும் உச்சந்தலை வரைக்கும் வலி ஏறியது. பால்தோல் அது, கம்பிக்கு முன்னால் என்ன செய்யும்? பழைய தோல் போன இடத்தில் பழையபடி பள்ளம், பழையபடி சிவப்பு. முன்னே வலித்ததாவது தெரியாத வலி. இது நன்றாகத் தெரிந்த வலி, ஒரு தடவை கடந்து வந்த வழியைத் திரும்ப நடக்கிற வலி. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பிச்சம்மாளை நினைத்தாள், ஊக்கை நினைத்தாள், சோப்பை நினைத்தாள். அம்மா திட்டினாள், அழுதாள், கடைசியில் விட்டுவிட்டாள். ஆவணி பிறந்தபோது நாலு விரலிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது.

முதல் முகூர்த்த நாளிலேயே கார் வந்துவிட்டது. அதே கூடம், அதே ஜமுக்காளம். பிச்சம்மாள் இந்தத் தடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வள்ளித்தாயின் விரலைப் பிடித்தாள். முன்ஜாக்கிரதையாம். பிடித்து நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"ஸ்ஸ்ஆ!" என்று வள்ளித்தாய் கையை உதறினாள்.

பிச்சம்மாளின் முகம் பூவாக மலர்ந்தது. "வலிக்குதா?"

"வலிக்குது."

"நல்லா வலிக்குதா தாயி?"

"உயிரு போகுது."

"எம்மா கோமதித்தாயே, நீ கண்ணத் தொறந்துட்ட!" என்று பிச்சம்மாள் கும்பிட்டாள். சண்முகையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கரபாண்டியன் மூச்சை விட்டுச் சிரித்தான். ஒருத்தி வலியில் துடித்ததைப் பார்த்து அந்த வீடே சந்தோஷப்பட்டது. பிச்சம்மாள் முந்தானையை அவிழ்த்துவிட்டு வெறுங்கையாலேயே வளையல் மாட்டத் தொடங்கினாள். ஒன்று ஏறியது. இரண்டாவதும் ஏறியது. தாம்பாளத்திலிருந்த பூவுக்கு யாரோ தண்ணீர் தெளித்தார்கள்.

சங்கரபாண்டியன்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "விரல்ல என்ன, கொப்புளமா இருக்கு?" என்று கேட்டான்.

"அது வடிகஞ்சி..." என்று ஆறுமுகத்தாய் ஆரம்பித்தாள்.

"கிடார் வாசிச்சு வந்த கொப்புளம்" என்றாள் வள்ளித்தாய். "முந்தி நீங்க அமுக்கிப் பாத்ததும் கிடார் வாசிச்சு வந்த காய்ப்புதான். ஆடியில வாசிக்காம இருந்து உரிச்சுப் போட்டேன். இப்ப மறுபடியும் வாசிக்கேன்."

பிச்சம்மாளின் கையில் மூன்றாவது வளையல் நின்றது. "எங்கன வாசிப்ப? வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுலயும் வாசிப்பேன். கல்யாண வீட்டுலயும், கோயில் கொடையிலயும் வாசிப்பேன். பரமசிவன் அண்ணாச்சி குழுவுல நான்தான் கிடாரு."

பிச்சம்மாள் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்: "அந்தச் சீக்காவே இருந்திருந்தாலும் மாத்திரை வாங்கிக் கொடுத்துத் தீத்துருக்கலாம். இதை என்னத்தக் கொடுத்துத் தீக்க?"

"இல்லக்கா" என்று சங்கரபாண்டியன் குறுக்கே வந்தான். நல்லவன்தான், சமாதானமாகத்தான் பேசினான். "கல்யாணத்துக்கு அப்புறம் தொடாம இருந்தா தானா சரியாயிரும். ஒரு மாசத்துல சரியாச்சுல்லா? அவங்களுக்குப் பாட்டு வேணும்னா நம்ம வீட்டுல ரேடியோ இருக்கு."

பிச்சம்மாள் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். இவன் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு சொன்னான் பாருங்கள், அதுதான் வள்ளித்தாயைக் கொளுத்திவிட்டது. பாட்டென்றால் உயிர் என்றவன்! வளையல் இரண்டையும் கழற்றினாள். கழற்றும்போது ஒரு கொப்புளம் உடைந்து தண்ணீர் கசிந்தது. வளையல்களைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"இது தீர வேண்டாம்க்கா. நான் தீர விடவும் மாட்டேன்." மதினி என்று வாயில் வரவில்லை.

"ஊருக்குள்ள கேட்டா நான் என்ன சொல்ல?" என்று பிச்சம்மாள் எழுந்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க. அவளுக்குச் சீக்கு இல்ல, கிடார் வாசிக்கான்னு சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழம திருவேங்கடத்துல கொடை. அங்கன வாசிக்கேன், சந்தேகம்னா வந்து பாத்துக்கிடுங்க."

சண்முகையா வாசல் வரைக்கும் கூடப் போனார். என்ன சொல்லி அனுப்பினாரோ, திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகத்தாய் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். வள்ளித்தாய் கிடாரைக் கொண்டுவந்து, இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த அதே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைப் பாட்டை எடுத்தாள். சுரம் பாதி கரகரத்தது. உடைந்த கொப்புளத்தில் கம்பி பட்டபோது பல்லைக் கடித்தாள், நிறுத்தவில்லை. கோபத்தில் அழுகையும் வந்தது, அழுதுகொண்டே வாசித்தாள்.

ஆறுமுகத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"ரத்தம் வருதுட்டி. வலிக்கலையா?"

"வலிக்கு."

"அப்ப நிறுத்தேன்."

"நிறுத்துனா மறுபடியும் மொதல்ல இருந்துல்லாம்மா வலிக்கும்" என்றாள் வள்ளித்தாய்.